ஓடைக் கப்பிக்குத் தண்ணீர் விட்டது நான்தான்

நம் கல்லூரி மீன் ரூமுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்.

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஐந்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன், அதற்குப் பிறகு மேச்சேரியில் ஆடு மேய்த்தேன். எழுத்தையும் பிழையையும் பொறுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு இத்தோடு சரி. இதற்குக் கீழே இருக்கிற எதற்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதால், ஓய்வு பெற இன்னும் வருஷம் இருந்தும் வேலையை விட்டேன். வழியனுப்பும்போது நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்குக் கூட்டத்தில் வாய் வராது. மாலையோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அன்றைக்குப் பேசாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தொட்டி கழுவுவது, தீனி போடுவது, காற்று மோட்டார் சத்தம் மாறினால் எழுந்து போய்ப் பார்ப்பது, இதெல்லாம் ஒரு வாரத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். அவசரத்தில் அந்தக் கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுதான் யாரும் சொல்லித் தராதது. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரே ஒரு காலையில்தான் அதைக் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்கிறேன்.

அப்போது நம் ரூமில் மூன்று வகை மீன் இருந்தது. கண்ணாடி அடுக்குகளில் ஜீப்ரா மீன். வடக்கே ஒரு ஊரிலிருந்து விமானத்தில் வந்தவை. பிரபு என்கிற ஆராய்ச்சி மாணவருடையவை. கல்லூரிக்கு யார் வந்தாலும் முதலில் அந்த அடுக்கைத்தான் காட்டுவார்கள். சிமெண்ட் தொட்டிகளில் இரண்டு வகைக் கப்பி மீன். ஒன்று மேச்சேரிப் பக்கம் ஒரு நல்ல கிணற்றில் பிடித்தது. மற்றது அம்மாபேட்டைக்கு அந்தண்டை சாயத்தண்ணீர் ஓடுகிற ஒரு ஓடையில் பிடித்தது. கிணற்றுக் கப்பி, ஓடைக் கப்பி என்றுதான் சொல்வோம். இரண்டும் கௌசல்யா என்கிற இன்னொரு ஆராய்ச்சி மாணவியுடையவை.

கௌசல்யா திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம் வைத்து விவசாயம் பார்க்கிற வீட்டுப் பெண். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். வந்த புதிதில் ஒரு நாள் நானே வாயைத் திறந்து கேட்டேன்.

"ஏங்கண்ணு, சாக்கடை மீனப் போயிப் புடிச்சாந்து வளக்கறியே, இதுல அப்படி என்ன பாக்கற?"

"இதுங்களோட காது எப்படி மாறுச்சுன்னு பாக்கறனுங்ணா."

"மீனுக்குக் காதா?"

"வெளிக்காது இல்லீங்ணா. ஒடம்புக்குள்ள ஹார்மோன் ஓடுதுல்ல, அது ஒரு கூப்பாடு மாதிரி. அதக் கேக்கறதுக்கு உள்ள ஒரு காது இருக்கும். ரிசப்டர்னு பேரு. அந்தக் காத எப்படிச் செய்யணும்னு ஒடம்புல எழுதி வெச்சிருக்கறதுதான் ஜீன்."

எனக்கு என் ஆடுகள்தான் ஞாபகம் வந்தன. "எங்கூர்ல ஏரிக்கரையில மூணு மந்தை ஒண்ணாக் கலந்து நிக்கும். நான் குரல் குடுத்தா என்ர ஆடு மட்டுந்தான் தலையத் தூக்கும். அந்த மாதிரியா?"

"அதேதானுங்ணா." அதற்கு அவ்வளவு சந்தோஷம். "மீனுக்கு இன்னொரு விசேஷம் இருக்குது. ரொம்பப் பழைய காலத்துல, இந்த மீன் வம்சம் கெளைக்கறதுக்கு முன்னாடி, எழுதி வெச்ச குறிப்பு மொத்தமும் ரெண்டு ரெண்டா ஆயிப்போச்சு. அதுல முக்காவாசி தொலஞ்சுது. தொலையாம நின்ன ஜோடில ஒரு காது பழைய வேலையப் பாத்துக்கும். இன்னொண்ணுக்குக் கொஞ்சம் மாறிப் பாக்க எடம் கெடைக்கும்."

"பெரியவன் காட்டப் பாத்துக்குவான். சின்னவன் போர் போடற ரிக் வண்டி ஏறி ஊரு ஊராப் போவான்."

"எங்க சித்தப்பா அப்படித்தானுங்ணா போனாரு" என்று சிரித்தது.

சாயத்தண்ணீரில் இருக்கிற சில மருந்துகள் பொய்க்குரல் கொடுக்குமாம். பெண் ஹார்மோன் கூப்பிடுகிற அதே குரலில். ஆண் கப்பிக்குத்தான் வாலில் நிறம், உங்களுக்குத் தெரியும். கிணற்று ஆணை அந்தத் தண்ணீரில் விட்டால் கொஞ்ச நாளில் நிறம் வெளுக்கும். ரத்தத்தில் முட்டைக்கரு ஊற ஆரம்பிக்கும், ஆணுக்கு. ஆனால் அந்த ஓடையிலேயே பல தலைமுறை பிறந்து வளர்ந்த ஆண் பளபளவென்று திரிகிறது. பொய்க்குரலுக்குத் தலை தூக்காத காது அதற்கு வந்துவிட்டதா, இல்லை வேறு காரணமா, அதைத்தான் கௌசல்யா பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீரில் சில தலைமுறை வளர்த்து, அப்புறமும் அந்தக் குணம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் அது பிறப்போடு வருவது.

இரண்டு விஷயத்தை நீங்கள் மனதில் வைக்க வேண்டும். கப்பிப் பெண் ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் அந்த விந்துவை உள்ளேயே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குட்டி போடும். ஓடையும் கிணறும் ஒரு பொழுது கலந்தால் போதும், பிறகு எந்தக் குட்டி எந்த வம்சம் என்று பிரிக்கவே முடியாது. இது ஒன்று. மற்றது, அந்த ஓடையே இப்போது இல்லை. ரோட்டை அகலப்படுத்தும்போது சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள். அந்த மீன் உலகத்தில் மிச்சம் இருந்தது நம் தொட்டிகளில் மட்டும்தான்.

வாட்ச்மேன் பெருமாள் அந்தத் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். "சாக்கடையில பொறந்ததுக்கு ஆற வெச்ச தண்ணி கேக்குதாக்கும். நம்மூட்ல மனுசனுக்கே பைப்புத் தண்ணிதான்."

ஆடிப்பெருக்குக்குக் கல்லூரி விடுமுறை. மறுநாள் வெளியிலிருந்து ஒரு குழு பார்வையிட வருவதாக இருந்தது. அதற்காக விடுமுறை அன்று ஆள் விட்டு மொட்டை மாடித் தொட்டிகளை எல்லாம் கழுவினார்கள். மீன் ரூமுக்கென்று தனியாக இருக்கிற தொட்டியையும் விடவில்லை. பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகப் போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி, அதிலும் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லை, சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். நான் அந்த நேரம் மேட்டூரில் குடும்பத்தோடு ஆற்றில் முழுகிக்கொண்டிருந்தேன்.

மேல் தொட்டியிலிருந்து சொட்டுக் குழாயில் தண்ணீர் இரவெல்லாம் எல்லாத் தொட்டிக்கும் இறங்கும். காலையில் நான் கதவைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வராண்டா வாசனை அடித்தது. விளக்கைப் போட்டேன். மூன்று வகை மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சில ஏற்கெனவே மல்லாந்துவிட்டன. வால்வை அடைத்தேன். பிளீச்சிங்கை முறிக்கிற ஹைப்போ டப்பாவைத் திறந்தேன். அடியில் தூசி மட்டும் இருந்தது. வேண்டும் என்று கேட்டு எழுதிப் போட்டிருந்தோம், இன்னும் வரவில்லை.

பின்கொட்டகையில் ஒரு நீல சிண்டெக்ஸ் தொட்டியில் மருந்து வாடை போக வெயில் காட்டி ஆற வைத்த தண்ணீர் இருந்தது. கைவசம் இருந்த நல்ல தண்ணீர் அவ்வளவுதான். ஜீப்ரா அடுக்குக்கு விட்டால் அதற்கே சரியாக இருக்கும். கப்பிக்கு விட்டால் இரண்டில் ஒரு வகைக்குத்தான் காணும். கௌசல்யா பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தது. போன் போட்டேன். பஸ்ஸில் இருந்திருக்கும், எடுக்கவில்லை.

நான் நின்று யோசித்தது ரொம்ப நேரம் இல்லை. பைப்பைச் சொருகி ஓடைக் கப்பிப் பக்கம் இழுத்தேன். காலித் தொட்டிகளில் நல்ல தண்ணீரைப் பிடித்து, ஓடை மீனை வலையில் அள்ளி மாற்ற ஆரம்பித்தேன். பெருமாளைக் கூப்பிட்டேன். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்போதுதான் மீன் ரூம் பொறுப்பாளர் சார் வந்தார். வருகிறவர்களை வரவேற்க இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். வாசனை பிடித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அடுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பைப் போகிற பக்கத்தைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு அந்தப் பக்கம் தண்ணி விடறீங்க?"

"யாரையுங் கேக்கலீங்க சார்."

"ஜீப்ரா சாகுது. கண்ணு தெரியலையா? இன்னும் கொஞ்ச நேரத்துல ஆளுங்க வந்து நிப்பாங்க. அவங்களுக்கு இந்தச் சாக்கடை மீனையா காட்டறது?"

"ஜீப்ராவ மறுபடி வாங்கலாமுங்க சார். இத எங்க போயிப் புடிக்கறது? ஓடையத்தான் மூடிப்போட்டாங்களே."

"பிரபு ஒரு வருஷமா உழைச்சிருக்கான். அதையும் மறுபடி வாங்கலாமா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் என் கை நிற்கவில்லை.

"பைப்பைக் குடுங்க" என்று கையை நீட்டினார்.

"மாட்டனுங்க சார்."

பதினெட்டு வயதில் அந்தக் கல்லூரிக்குள் வந்தவன் நான். ஒரு சாரைப் பார்த்து மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. குனிந்துகொண்டு, பைப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, பக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்கொட்டகைக்குப் போனார். சிண்டெக்ஸ் வாயில் பக்கெட்டை விட்டு மொண்டு மொண்டு தன் கையாலேயே ஜீப்ராவுக்குச் சுமந்தார். அவரை நான் தடுக்கவில்லை, என் கையிலிருந்து பைப்பை அவரும் பிடுங்கவில்லை. வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் தன் பக்கத்துக்கு நின்றார், நான் என் பக்கத்துக்கு நின்றேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் உங்களுக்கு முக்கியம்.

ஓடை மீன் எல்லாம் நல்ல தண்ணீருக்கு வந்துவிட்டது. அதற்குள் சிண்டெக்ஸ் காலி. தொட்டியில் இடம் நிறைய இருந்தது. பக்கத்தில் கிணற்று மீன் செத்துக்கொண்டிருந்தது. பெருமாள் வலை நிறைய அதை அள்ளிக்கொண்டு ஓடை மீன் தொட்டியைப் பார்த்து வந்தார். வலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தொட்டி விளிம்புக்கே வந்துவிட்டார்.

"அதுல கொட்டாத!"

கத்தியது நான்தான் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. பக்கெட்டோடு சார் நின்றுவிட்டார்.

"எடம் கெடக்குதேப்பா" என்றார் பெருமாள். "ரெண்டுங் கப்பிதான? ஒண்ணாக் கெடந்தா என்ன, அடிச்சா தின்னுரும்?"

"கலக்கக் கூடாது. அக்கட்டால கொண்டு போ."

"இது சாவுது, பாரு. வாயப் பொளக்குது."

"செத்தாலுஞ் சாகட்டும். கொட்டாத."

பெருமாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. "மேச்சேரிக்காரா, உனக்கு ஈரம்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?"

எனக்கும் ஆடு மேய்த்த கைதான். சாகிற குட்டியை மடியில் போட்டுக்கொண்டு ராத்திரி பூரா உட்கார்ந்த கைதான். அவசரம் என்று வந்தால் யாருடைய கையும் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டத்தான் போகும். உயிர் பிழைத்தால் போதும் என்று தோன்றும். மற்ற வேலையில் அது புண்ணியம். நம் வேலையில் அப்படிக் கொட்டினால் மீன் எல்லாம் பிழைக்கும், ஓடைக் கப்பி என்கிற ஒன்று மட்டும் அந்த நிமிஷத்தோடு செத்துவிடும். தொட்டியில் மீன் துள்ளிக்கொண்டிருக்கும். யார் கண்ணுக்கும் சாவு தெரியாது.

பெருமாள் வலையோடு வாசல் கேட்டுக்கு ஓடினார். கொஞ்சம் கழித்துப் போய்ப் பார்த்தால், அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீர் கேனின் கழுத்தைக் கத்தியால் அறுத்து, அதற்குள் கிணற்றுக் கப்பியை விட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல கொட்டலாமா, இல்ல இதுக்கும் தடை உத்தரவு இருக்குதா?"

"இதுல கொட்டலாம்."

"நான் உன்னய மாதிரி ஆராய்ச்சி பண்ற ஆளில்ல. செத்தாச் செத்துப்போவுதுன்னு பாத்துக்கிட்டு நிக்க எனக்கு வராது" என்றார். அன்று பகல் முழுவதும் அவர் தாகத்துக்கு டீக்கடைக்குத்தான் போனார்.

ஓடைக் கப்பியில் பெரும்பாலும் பிழைத்தது. கிணற்றுக் கப்பியில் பெருமாள் கேனில் போட்டதில் பாதி பிழைத்தது. ஜீப்ராவில் சார் சுமந்த தண்ணீருக்கு ஒரு அடுக்கு மட்டும் நின்றது. வந்த குழு காலியான கண்ணாடிகளைப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனது.

கௌசல்யா மத்தியானம் ஓடி வந்தது. பஸ்ஸிலேயே விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. கதவிலேயே நின்றுகொண்டு கேட்டது ஒரே கேள்வி. எத்தனை செத்தது என்று கேட்கவில்லை.

"கலந்துட்டீங்களாங்ணா?"

"கலக்கல கண்ணு."

அது அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் போய் நிற்க எனக்குக் கூச்சம். வலையை அலசுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிரபு கல்லூரியை விட்டுப் போகிற வரைக்கும் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போவார். அவர் வருஷம் போனது நிஜம். அவரிடம் நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. அதே காலை மறுபடி வந்தால் அதே பக்கம்தான் பைப்பை இழுப்பேன். அப்படி இருக்கும்போது வருத்தம் என்று சொன்னால் அது பொய். பொய் சொல்வதைவிட அவர் திரும்பிக்கொண்டு போவதே மரியாதை என்று இருந்துவிட்டேன்.

மறு வாரம் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். அவரே டைப் அடித்து வைத்திருந்தார். "கையெழுத்துப் போட்டு, தேதி போட்டுக் குடுங்க. மேல இருந்து கேக்கறாங்க. இதோட முடிஞ்சிடும்."

எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். மேலதிகாரி சொன்னதைப் புரிந்துகொள்ளாமல், மீன்களின் மதிப்புத் தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று இருந்தது.

"தெரியாமச் செய்யலீங்களே சார்."

"அதெல்லாம் எழுதற வழக்கம்ப்பா. உங்களுக்கு நல்லதுக்குத்தான் அப்படிப் போட்டிருக்கேன். படிக்காத ஆளு, தெரியாமப் பண்ணிட்டாருன்னா விட்டுடுவாங்க."

"தெரிஞ்சுதானுங்க சார் செஞ்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, தாளை மேசையில் அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

என்னைத் தோட்டப் பிரிவுக்கு மாற்றினார்கள். செம்பருத்திக்கும் குரோட்டன்ஸுக்கும் தண்ணீர் விட்டேன். மீன் ரூம் ஜன்னலுக்குக் கீழேயே ஒரு பாத்தி இருந்தது. அதற்கு நான் விட்ட தண்ணீருக்கு அது அழுகாமல் நின்றதே ஆச்சரியம். பெருமாள் கேட்டிலிருந்து கூப்பிட்டுச் சொல்வார், "உன்ர மீனெல்லாம் சௌக்கியம் சாமி, விசாரிச்சதாச் சொல்லச் சொல்லுச்சு."

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் கௌசல்யா ஜன்னலைத் திறந்து, "அண்ணா, சித்த உள்ள வாங்க" என்றது. கையில் மண்ணோடு போனேன். இரண்டு கண்ணாடித் தொட்டி. இரண்டிலும் ஒரே அளவு பெண் ஹார்மோன் கலந்திருந்தது. ஒன்றில் பெருமாளின் கேனில் பிழைத்த கிணற்று மீனின் பேரன்கள். தவிட்டு நிறத்தில் வெளுத்துப் போயிருந்தன. மற்றதில் ஓடை மீனின் பேரன்கள். சாயத்தண்ணீரைக் கண்ணால்கூடக் காணாதவை. வாலில் ஆரஞ்சும் கறுப்பும் அப்படியே இருந்தன. ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு திரிந்தன.

"தலையத் தூக்கவே இல்ல பாருங்ணா" என்றது.

"அப்ப காதுதானா?"

"இதை வெச்சு அப்படிச் சொல்லிர முடியாதுங்ணா. ஜீனைப் படிச்சுப் பாக்கணும். இன்னும் ரெண்டு தலமுறை வளக்கணும். வேற காரணங்கூட இருக்கலாம்."

"சரி, பாரு. மீன் இருக்குதுல்ல?"

"இருக்குதுங்ணா."

கிணற்று மீன் இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது என்று கௌசல்யா பெருமாளைத் தேடிப் போய்ச் சொன்னது. என்னைத் திட்டிவிட்டு ஓடிய ஆளும் இந்த வேலையில் பாதி. இதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த வருஷம் என்னை மீன் ரூமுக்கே திரும்ப வரச் சொன்னார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வம்சம் இன்றைக்கும் இருக்கிறது. கதவுக்கு இடது பக்கத்துச் சிமெண்ட் தொட்டிகள். புதிதாக வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சாக்கடை மீன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு தொட்டி வலையை இன்னொரு தொட்டியில் போடாதீர்கள்.

எனக்கு ஜீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. காசுக்குத் திரும்பக் கிடைப்பது எது, எந்தக் காசுக்கும் கிடைக்காதது எது, அவ்வளவுதான் தெரியும். அவசரத்தில் இதை மட்டும் கேளுங்கள். பதில் தெரிந்ததும் யார் சட்டை வெள்ளையாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள்.

இன்றைக்கு மறுபடியும் ஆடிப்பெருக்கு. ஊரே ஆற்றுக்குப் போயிருக்கிறது, கல்லூரி பூட்டியிருக்கிறது. நாளைக் காலை முதலில் வருகிறவர் யாராக இருந்தாலும், வால்வைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்து பாருங்கள்.

அந்த டைப் அடித்த தாளில், தேதிக்கு என்று புள்ளி வைத்து இடம் விட்டிருந்தார்கள். அது காலியாகவே போனது. இந்தக் கடிதத்துக்குத் தேதி போடுகிறேன். தெரிந்துதான் செய்தேன்.

ஆடி பதினெட்டு.